அங்குராஜின் குரலுக்கு வேலை கிடைத்தது

எங்கள் பக்கத்தில் வீட்டைவிட்டுக் கிளம்புகிற யாரும் போகிறேன் என்று சொல்வதில்லை. கடைக்குப் போனாலும் கலெக்டர் ஆபீசுக்குப் போனாலும், சொத்துச் சண்டையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இனி இந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்று கத்திவிட்டு இறங்குகிற பங்காளிகூட, பழக்கதோஷத்தில் வர்றனுங்க என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டுவான். அப்படிச் சொன்னவர்களில் திரும்பி வராதவர்களும் உண்டு, ஆனால் அவர்களை யாரும் குறை சொல்வதில்லை. அந்த ஊரில் பிறந்து, அந்தப் பழக்கத்திலேயே வளர்ந்து, படித்து முடிக்கும்வரை ஒரு தடவைகூட வாய் தவறாத அங்குராஜ், முதன்முதலாக இன்டர்வியூவுக்குப் போன இடத்தில் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தான். அதையும் இங்கிலீஷில் சொன்னான். அதனால் அவனுடைய குரல் அங்கேயே நின்றுவிட்டது.

ஊர் காங்கேயம். அப்பா குழந்தைசாமி வடக்கே லோடு ஏற்றிப் போகிற லாரி டிரைவர், வீட்டில் இருக்கும் நாள்களைவிட வீட்டுக்குப் போன் செய்யும் நாள்கள் அதிகம். அம்மா சாந்தாமணி தேங்காய்க் களத்தில் காய் உடைத்துக் காயப்போடுகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள், வெயில் எவ்வளவு கொளுத்துகிறதோ அவ்வளவு நல்லது என்று முதலாளி நினைக்கிற வேலை அது, அந்த வெயிலில் நின்று நின்று அவள் வேண்டாத சாமி கிடையாது, வேண்டுதல் மட்டும் எல்லாச் சாமிக்கும் ஒன்றுதான், என் பையனுக்கு ஏசி ரூமில் ஒரு வேலை. நிழலில் என்று கேட்டிருந்தாலே போதும். அவள் ஏசி என்று கேட்டாள், சாமியும் அதைக் காதில் வாங்கிக்கொண்டது.

எங்கள் ஆட்கள் எல்லாருமே பேச்சில் ங்க போடுவோம், அங்குராஜ் கொஞ்சம் தாராளமாகவே போடுவான். கண்டக்டருக்கு ங்க, கடைக்காரருக்கு ங்க, அவனைவிடச் சின்னப் பையன்களுக்கும் ங்க, தப்பாக வந்த போனை எடுத்தால் அதற்கும் ராங் நம்பருங்க. பெற்ற அப்பனுக்கே வாங்க போங்கதான். ங்க இல்லாமல் அவன் பேசிய ஒரே ஆள் சாந்தாமணி, வாம்மா, போம்மா, நீ சும்மா இரும்மா என்று அவளிடம் மட்டும்தான் அவன் வாய் அவிழ்ந்துகொள்ளும், களத்துப் பெண்கள் கேட்டு, மரியாதை இல்லாம வளத்து வச்சுருக்கறே என்று கிண்டல் செய்தால் அவள் முகம் பூரித்துப் போகும். அந்த மரியாதைக் குறைவுதான் அவளுக்கு இருந்த ஒரே சொத்து என்றுகூடச் சொல்லலாம்.

காலேஜில் பிளேஸ்மென்ட் சார் என்று ஒருவர் இருந்தார். பையன்கள் எல்லாருக்கும் அவர் ஒரே சுயஅறிமுகத்தைத்தான் எழுதிக் கொடுத்து உருப்போட வைத்தார், மைசெல்ஃப் என்று ஆரம்பித்து, நேட்டிவ் பிளேஸ் சொல்லி, தகப்பன் பெயர் தாய் பெயர் சொல்லி, என் பலம் கடின உழைப்பு, என் பலவீனம் யாரையும் சுலபமாக நம்பிவிடுவது என்று முடியும் அது, எங்கள் மாவட்டத்தில் அந்த வருஷம் படிப்பை முடித்த அத்தனை பேருக்கும் ஒரே பலம், ஒரே பலவீனம். இன்னொன்றும் அவர் சொல்லியிருந்தார், இன்டர்வியூ ரூமில் வாயிலிருந்து தமிழ் ஒரு சொல் விழுந்தாலும் கதை அத்தோடு முடிந்தது என்று. அங்குராஜ் அதையும் உருப்போட்டுக்கொண்டான்.

கம்பெனி கோயமுத்தூரில், பீளமேட்டுப் பக்கம் ஒரு சந்தில், பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது. பெயரை நான் சொல்லப்போவதில்லை, சொன்னால் இதையும் விளம்பரமாக்கிக்கொள்வார்கள். மருந்துக்கடை, அரிசி மில், ஜவுளிக்கடை இவற்றுக்கெல்லாம் பில் போடுகிற சாஃப்ட்வேர் செய்து விற்கிற சின்னக் கம்பெனி, எம்.டி.யாக மோகனசுந்தரம் என்றொருவர், ஹெச்.ஆர். ஆகக் கிருபா மேடம், கம்ப்யூட்டருக்கு முன்னால் முதுகு வளைந்த சில பிள்ளைகள். கீழேயிருந்து பன் வேகும் வாசம் படியேறி வந்து இன்டர்வியூ ரூமுக்குள் உட்கார்ந்திருந்தது. காலையில் பயத்தில் எதுவும் சாப்பிடாமல் வந்த அங்குராஜ் அந்த வாசத்தையே மூச்சோடு விழுங்கிக்கொண்டு உட்கார்ந்தான்.

"டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" என்றாள் கிருபா.

அவன் ஒரே மூச்சில் சொன்னான். ஏசிக்குள் வியர்த்துக்கொண்டு, கக்கத்தில் ஈரம் தெரியாமலிருக்கக் கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, எங்கே நிறுத்தவேண்டுமோ அங்கே நிறுத்தாமல் ஒப்பித்து, "மை வீக்னஸ் ஈஸ் ஐ ஈஸிலி டிரஸ்ட் பீப்பிளுங்க மேடம்" என்று முடித்தான். ங்க வந்துவிட்டது தெரிந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான். மோகனசுந்தரம் சிரித்துவிட்டார்.

"சரி தம்பி, ஒரு கஸ்டமர் போன் பண்ணி, பில்லுல தப்பு வருதுன்னு கண்டபடி திட்டறான். என்ன பண்ணுவே?"

அவர் தமிழில் கேட்டதே தன்னைச் சோதிப்பதற்காக என்று அங்குராஜ் நினைத்தான். "ஐ வில் சே சாரிங்க சார்" என்றான். "அகெய்ன் திட்டினா?" "அகெய்ன் ஐ வில் சே சாரிங்க சார்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கோடிங்கில் சில கேள்விகள் கேட்டார்கள், அவனுக்குத் தெரிந்ததுதான், வாய்வரை வந்து வந்து இங்கிலீஷ் கிடைக்காமல் திரும்பிப் போய்விட்டது. "ஓகே அங்குராஜ், வீ வில் லெட் யூ நோ. யூ மே கோ" என்றாள் கிருபா. அவன் எழுந்தான். போயிட்டு வர்றனுங்க சார் என்பது நாக்கு நுனியில் தயாராக இருந்தது. பிளேஸ்மென்ட் சார் ஞாபகத்துக்கு வந்தார். அதை அப்படியே இங்கிலீஷில் சொல்லப் பார்த்தான், போய்விட்டு வருவதற்கு இங்கிலீஷில் இடமே இல்லாததுபோல இருந்தது, போவது மட்டும் கிடைத்தது, வருவது கிடைக்கவில்லை, கிடைத்ததை அவசர அவசரமாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

"ஐ ஆம் கோயிங் சார்."

கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர், "எங்கீங்க தம்பி?" என்று கேட்டபோதுதான் அவனுக்குத் தெரிந்தது. காங்கேயம் என்று வாயைத் திறந்தான், வாய் திறந்தது, காங்கேயம் வரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி திறந்தான். கண்டக்டர் அவனைப் பேச்சு வராத பிள்ளை என்று நினைத்து முன்பக்கமாக ஒரு சீட் பிடித்துக் கொடுத்தார், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் பல்லடம்வரை பாவம் பாவம் என்றபடியே வந்தாள், அங்குராஜ் ஜன்னல் வழியே ஒவ்வொரு ஊர்ப் பெயர்ப்பலகையையும் வாய்க்குள் படித்துப் பார்த்துக்கொண்டே போனான், ஒரு ஊர்கூட சத்தமாக வெளியே வரவில்லை.

வீட்டில் செல்போனில் தட்டித் தட்டிக் காட்டினான். சாந்தாமணி அதைப் படித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள்.

"கெளம்பறப்ப என்னன்னு சொல்லீட்டு வந்தே?"

அவன் தட்டிக் காட்டினான். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"போறேன்னு சொல்லீட்டு வந்தியாடா? பாவிப்பயலே, போறேன்னா சொன்னே?"

மறுநாள் களத்தில் விஷயம் பரவியபோது யாரும் வாயைப் பிளக்கவில்லை. "அப்பறம் நிக்காம என்ன பண்ணும், போறேன்னு சொன்னா போயிருச்சு" என்றாள் துளசிமணி. அவள் பக்கத்து வீட்டுக்காரி, சாந்தாமணியோடு ஒரே வரிசையில் காய் உடைப்பவள். ஒவ்வொருத்தரும் தங்களுக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள். கட்டிக்கொடுத்த அன்று அழுத அழுகையில் தாய்வீட்டில் வர்றேன் சொல்ல மறந்து காரில் ஏறிய ஒருத்தியின் தூக்கம் அங்கேயே நின்றுபோய், இன்றுவரை அந்த வீட்டு நடையில் குறட்டை கேட்கிறதாம், அவள் புருஷன் வீட்டில் கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டிருக்கிறாளாம். தாசில்தார் ஆபீசில் கோபித்துக்கொண்டு போறேன் என்று வந்த ஒருவருடைய நிழல் இன்னமும் மனுக்கொடுக்கிற வரிசையில் நிற்கிறதாம். டாக்டர் மட்டும் டார்ச் அடித்துப் பார்த்து, தொண்டையெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, குரல்தான் இல்லை என்று சொல்லி ஒரு சிரப் எழுதிக் கொடுத்தார்.

வைத்தியமும் ஊருக்கே தெரிந்ததுதான். அதே இடத்துக்குப் போய், அதே வாசலில் நின்று, போயிட்டு வர்றேன், வா என்று வாய்விட்டுச் சொன்னால் விட்டது கூடவே வந்துவிடும். ஆனால் எந்த வாயால் சொல்வான்? பெற்றவள் சொன்னாலும் செல்லும் என்று பேசி முடிவானது. களத்தில் அப்போது நல்ல வெயில், வெயில் இருக்கும்வரை லீவு கிடையாது, மழை வந்த அன்றைக்குப் போகலாம் சாமி என்று பையனிடம் செல்லமாகச் சொன்னாள் சாந்தாமணி. பையனின் குரல் திரும்பி வருவதற்காக அவள் அண்ணாந்து மேகம் பார்த்தாள். அந்த வருஷம் மழை தள்ளித் தள்ளிப் போனது.

அதற்குள் கம்பெனியில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. காலையில் ரூமைத் திறந்த கிருபாவை, "குட்மார்னிங்குங்க மேடம்" என்று காலி நாற்காலி வரவேற்றது. அவள் கதவை மூடிவிட்டு மறுபடி திறந்தாள், மறுபடியும் வரவேற்றது. ஏசியிலிருந்து வரும் சத்தம் என்று முதலில் நினைத்தார்கள். பிறகு அது மைசெல்ஃப் அங்குராஜுங்க என்று தன் பெயரைச் சொன்னதும், ஓ அந்தப் பையனா என்று வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். டீ கொண்டுவருகிற அக்கா அந்த நாற்காலிக்கு முன்னாலும் ஒரு கிளாஸ் வைத்தாள், டீ அப்படியே ஆடை கட்டிக் கிடந்தாலும் தேங்க்ஸுங்கக்கா என்று பதில் வந்தது. நாற்காலியில் தெரியாமல் யாராவது உட்காரப்போனால், ஆள் இருக்குதுங்க என்று மெல்லச் சொல்லும். அவர்களும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்கள்.

ஒருநாள் கஸ்டமர் போன் எடுக்கிற பிள்ளை திட்டு தாங்காமல் அழுதுகொண்டே வேலையைவிட்டு ஓடியதும், அடித்துக்கொண்டே இருந்த போனை எடுத்து மோகனசுந்தரம் அந்த நாற்காலிக்கு முன்னால் வைத்தார். பில் வரவில்லை என்று ஒரு மருந்துக்கடைக்காரர் அந்தப் பக்கம் தாயைப் பழித்துக் கத்தினார். "சாரிங்ணா. நீங்க கோவப்படறது ஞாயந்தானுங்ணா. கம்ப்யூட்டர ஒருக்கா அணைச்சுப் போட்டுப் பாருங்ணா" என்றது குரல். மறுபடி கத்தினார். மறுபடி சாரி சொன்னது. மூன்றாம் தடவை கத்துவதற்கு அவருக்கே வெட்கமாகிவிட்டது. அன்று சாயங்காலத்துக்குள் சேலம்வரைக்கும் எல்லா மருந்துக்கடைக்காரர்களும் சமாதானமாகி இருந்தார்கள்.

"சார், அந்தப் பையன நாம செலக்ட் பண்ணலயே" என்றாள் கிருபா.

"பையன பண்ணல. இத பண்ணிக்கலாம்" என்றார் மோகனசுந்தரம். குரலுக்குச் சாப்பாட்டு இடைவேளை கிடையாது, தீபாவளிக்கு ஊருக்குப் போகாது, ஏசி மட்டும் ஓடினால் போதும். அவர் ஒன்றும் கெட்ட மனுஷர் இல்லை, இந்த விஷயத்தில் அது இன்னும் எரிச்சலாக இருக்கிறது, ஆபீசில் எல்லாருக்கும் கொடுக்கிற அடையாள அட்டையை அந்த நாற்காலி முதுகிலும் மாட்டிவிட்டார்.

முதல் மழை விழுந்த அன்று அம்மாவும் பையனும் பஸ் ஏறினார்கள். வழியெல்லாம் அவள், போயிட்டு வர்றோமுங்க, வா சாமி, போயிட்டு வர்றோமுங்க, வா சாமி என்று சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டே போனாள், இன்டர்வியூவுக்குப் போவதுபோல. படியேறி உள்ளே போனார்கள். ரூமுக்குள் காலி நாற்காலி. காலடிச் சத்தம் கேட்டதும் அது போனில் பேசிக்கொண்டிருந்ததை நிறுத்தியது.

"அம்மாவா? ம்மா, எனக்கு வேல கெடைச்சிருச்சும்மா."

சாந்தாமணி கதவைப் பிடித்துக்கொண்டாள். அவன் பள்ளிக்கூடத்திலிருந்து முதல் ராங்க் என்று ஓடிவந்து சொன்ன அதே குரல், ங்க இல்லாத, அவளுக்கு மட்டுமேயான குரல். அவள் காது கேட்க ஏங்கிய சொல்லை, எந்த வாயிலிருந்து கேட்க ஏங்கினாளோ அந்த வாய் இல்லாமலே அது சொன்னது. பக்கத்தில் அங்குராஜ் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான், அது உள்ளே வருவதற்கு வசதியாக.

"தாராளமா கூட்டீட்டுப் போங்கம்மா, நாங்க தடுக்கல" என்றார் மோகனசுந்தரம். "ஆனா போயிட்டா இந்த வேல போயிரும். அப்பறம் தம்பி குரலோட வந்து மறுபடியும் மொதல்ல இருந்து இன்டர்வியூல உக்காரோணும். அன்னிக்கு உக்காந்தத நாங்க பாத்தமே."

அங்குராஜ் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தான். அவள் பையனைப் பார்த்தாள், ஈரமான சட்டை, தலைகுனிந்து நிற்கிற அந்த நிற்றல். நாற்காலியைப் பார்த்தாள், அதன் முதுகில் அவன் பெயர் அச்சடித்துத் தொங்கியது. ஏசி குளிர் அவளுடைய வெயில் பட்ட தோளில் விழுந்தது, அவளுக்குச் சுகமாகத்தான் இருந்தது.

"கஷ்டமா இருக்குதா சாமி?"

"இல்லம்மா. திட்டறாங்க. ஆனா இங்க குளுகுளுன்னு இருக்குதும்மா."

வாசலுக்கு வந்தாள். வழியெல்லாம் பழகிய சொல் ரெண்டே ரெண்டு. பையனின் பிடி இறுகியது. சாந்தாமணி திரும்பி நாற்காலியைப் பார்த்து, "அப்ப... கொஞ்ச நாளைக்கு இரு சாமி. நல்லா இரு" என்றாள்.

எங்கள் பேச்சில் ஆசீர்வாதமும் இரு என்பதுதான், நிற்கச்சொல்வதும் இரு என்பதுதான். நான் ஆசீர்வாதந்தான் பண்ணினேன் என்று அவள் பிற்பாடு துளசிமணியிடம் சொல்லிச் சொல்லி அழுதாள். குரல் சொன்னபடி இருந்துவிட்டது. அங்குராஜின் கை தானாகக் கழன்றது. அவளைத் திட்டலாம் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன், உச்சி வெயிலில் அந்தக் களத்தை ஒரு தடவை கடந்து போனால் திட்ட வாய் வராது.

அதற்குப் பிறகு ஊர் அந்தக் குரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டது. அரிசி மில்காரர்கள் எல்லாரும் அந்த சாஃப்ட்வேரைத்தான் வாங்கினார்கள், பழுது ஏதும் இல்லாதபோதும் அந்த நம்பருக்குப் போன் போட்டு, நம்ம காங்கேயத்துப் பையனுங்களா, நல்லா இருக்கறயா தம்பி என்று விசாரித்துக்கொண்டார்கள். நாக்பூர் தாண்டி எங்கேயோ டீசல் அடிக்க நிற்கும்போது குழந்தைசாமியும் அந்த நம்பருக்குத்தான் பேசினார், வீட்டுக்குப் போட்டால் பையனிடமிருந்து மூச்சு மட்டும் கேட்கிறது என்றார். மாதம் பிறந்தால் சம்பளம் சாந்தாமணியின் கணக்கில் ஒழுங்காக ஏறியது. வாசலில் நிறுத்தி, பையன் எங்க இருக்கறான் என்று யாராவது கேட்டால், கோயமுத்தூருங்க, சாஃப்ட்வேருல என்று அவள் வாயிலிருந்து வந்தது, அப்போது அங்குராஜ் அந்த வாசலிலேயே தண்ணீர்க் குடத்தோடு நின்றுகொண்டிருப்பான்.

அவன் களத்துக்கு வேலைக்கு வந்துவிட்டான். ஆரம்பத்தில் செல்போனில் தட்டிக் காட்டுவான், கையெல்லாம் எண்ணெய், படித்துப் பார்க்க யாருக்கும் பொழுதில்லை, போகப்போக அவனும் தட்டுவதை விட்டுவிட்டான். அவனை வைத்துக்கொண்டே அவனைப் பற்றிப் பேசினார்கள், அவன் போனில் எவ்வளவு தன்மையாகப் பேசுகிறான் என்று அவனிடமே சொன்னார்கள். அவன் தலையாட்டினான். எனக்கு அவனைப் பார்த்தால் பொறுக்காது, ஆனால் நானும் எங்கள் அரிசி மில்லில் பில் ஓடாத நாளில் அந்த நம்பருக்குத்தான் போன் போட்டேன்.

பெண் வீட்டுக்காரர்கள் வந்தார்கள், தரகர் சொல்லி. போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்தார்கள், குரல் எல்லாரையும் பெயர் கேட்டு, பெயருக்கு ஏற்ற முறையில் மாமா அத்தை என்று ங்க போட்டுப் பேசியது, பெண்ணின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சந்தோஷப்பட்டாள். பெண்ணின் அப்பா காப்பி கொண்டுவந்து வைத்த பையனைப் பார்த்து, "இது யாருங்க?" என்று கேட்டார்.

சாந்தாமணி போனின் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள். "இவனும் நம்ம பையன்தானுங்க" என்றாள்.

அங்குராஜ் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். ஒரு டம்ளரும் சத்தம் எழுப்பவில்லை, அவ்வளவு பக்குவமாக வைத்தான்.

தினமும் களத்திலிருந்து வந்து கைகால் கழுவியதும் அவள் அந்த நம்பருக்குப் போன் போடுவாள். சாப்பிட்டியா என்று கேட்பாள், இல்லம்மா இங்க அதெல்லாம் இல்லம்மா என்று அது சிரிக்கும். ஒருநாள் போட்டதும், "வணக்கமுங்க, சொல்லுங்கம்மா, நான் உங்களுக்கு எப்புடி உதவறதுங்க?" என்றது.

"நாந்தான்டா."

"சொல்லுங்கம்மா."

"ஏன்டா, எனக்குப் போயி ங்க போடறே?"

"பழகிப்போச்சுங்கம்மா. நாள் முச்சூடும் பேசறமல்லங்க."

சாந்தாமணி சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அடுப்படியில் சாதம் வடித்துக்கொண்டிருந்த அங்குராஜுக்கு எல்லாம் கேட்டது. அவன் கஞ்சியை முழுக்க வடித்து, பானையை நிமிர்த்தி வைத்து, கையைத் துடைத்தான். அன்று இன்டர்வியூவுக்குப் போட்டுக்கொண்டு போன சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு, "அங்கு, அம்மான்னு ஒருக்கா சும்மா கூப்புடுடா, ங்க இல்லாம" என்று போனைக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவன் வாசலில் நின்றான். நின்று வாயைத் திறந்து என்னவோ சொன்னான். பிறகு படியிறங்கிப் போனான்.

சாதம் ஆறிய பிறகுதான் அவள் தேடினாள். வேலியோரம் துணி எடுத்துக்கொண்டிருந்த துளசிமணியைக் கூப்பிட்டாள்.

"அங்குராசு எங்க போனான்னு பாத்தயா?"

"பொழுதோட பாத்தனுங்க்கா. பஸ் ஸ்டாண்ட் பக்கமா போச்சு. வாசல்ல நின்னு உங்களப் பாத்து என்னமோ சொல்லுச்சு. நீங்க போன்ல இருந்தீங்க."

"என்ன சொன்னான்?"

"சத்தம் ஏதுங்க்கா."

சாந்தாமணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "துளசி, நல்லா நெனச்சுப் பாத்துச் சொல்லு. சொல்றப்ப அவன் ஒதடு ஒட்டுச்சா, ஒட்டலயா?"

வீட்டில் அவன் சொல்வது வெறும் வர்றேன் மட்டும்தான், அதற்கு உதடுகள் ஒட்டாது. போறேன் என்பதற்கு ஒட்டியாகவேண்டும். துளசிமணி ஒருதடவை தனக்குள் இரண்டையும் சொல்லிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"ஒட்டுச்சுங்க்கா" என்றாள்.

தேடினார்கள். நாங்கள் எல்லாருமே தேடினோம், பஸ் ஸ்டாண்டில், பல்லடத்தில், அந்தப் பேக்கரி சந்தில்கூட. ஆளை இன்னாரென்று விசாரிக்கும்போது, பேசமாட்டான் என்பதைத் தவிர எங்களுக்குச் சொல்ல அடையாளம் கிடைக்கவில்லை, ஏனென்றால் அவன் முகத்தை நாங்கள் யாரும் வெகுநாளாகச் சரியாகப் பார்த்திருக்கவில்லை. அவன் கிடைக்கவில்லை.

அவன் போன அன்று, துளசிமணி வீட்டுக்குப் போனதும், சாந்தாமணி நடையில் உட்கார்ந்து மறுபடி அந்த நம்பரைப் போட்டாள்.

"வணக்கமுங்க, சொல்லுங்கம்மா."

"அங்கு, உன்ர ஆளக் காணம் சாமி. சொல்லாமப் போயிட்டான். சொல்லீட்டுத்தான் போயிருக்கறான், நாந்தான் பாக்கல."

"கவலப்படாதீங்கம்மா. நீங்க வருத்தப்படறது ஞாயந்தானுங்க."

"நீயாவது வந்துருடா. எனக்கு வேலையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். அன்னிக்குச் சொல்லாம விட்டுட்டேன், இப்பச் சொல்றேன். வா சாமி. வாடா."

அந்தப் பக்கம் ஏசி ஓடுகிற சத்தம் கேட்டது. பின்னால் இன்னொரு போன் அடித்தது.

"சாரிங்கம்மா" என்றது குரல். "இன்னொரு கஸ்டமர் கூப்புடறாருங்க. கொஞ்சம் லைன்ல இருங்கம்மா."

பிறகு பாட்டுப் போட்டுவிட்டது, அந்தக் கம்பெனியின் காத்திருப்புப் பாட்டு. சாந்தாமணி போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கறன் சாமி" என்றாள்.